பாரிஸ் கேட்ட ஹாராகிரி: கவகாமி நாடகக் குழுவின் பயணம், 1899–1902

1899 ஏப்ரல் 30 அன்று கோபே துறைமுகத்தில் கப்பலேறிய கவகாமி ஒட்டோஜிரோவின் நாடகக் குழுவில் நடிகை என்று யாரும் இல்லை. ஏறத்தாழ இருபது பேர் இருந்தார்கள். பெண் வேடம் கட்ட, நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட்டுகளைப் போல, ஆண்கள் இருந்தார்கள். ஒட்டோஜிரோவின் மனைவி சதா, மனைவியாக மட்டுமே கூட வந்தார். பதினான்கு மாதம் கழித்து பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் 'சதாயாக்கோ' என்ற பெயரைச் சொல்லித்தான் அந்த நாடகக் கொட்டகையைத் தேடியது. பிக்காசோ அவரை வரைந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ஜீத் அவரைப் பற்றி எழுதினார். பாரிஸ் கடைகளில் அவர் பெயரில் கிமோனோ விற்றது.

ஒரு நாட்டின் கலை கடல் கடக்கும்போது அதில் என்ன மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள், மாறாமல் நிற்பது எது என்று யோசிப்பவர்களுக்கு இந்தக் குழுவின் கதை அளவுக்கு உதவும் கதை வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பானிய நாடக வரலாற்றில் இது வெகுகாலம் ஓர் அவமானமாகவே பேசப்பட்டது. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்பது என் எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

புறப்பட்டவர்கள்

ஒட்டோஜிரோ 1864இல் ஹகாதாவில் பிறந்தவர். ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் குடும்பங்கள் எதிலும் பிறக்கவில்லை, கபுகி பயிலவும் இல்லை. மக்கள் உரிமை இயக்கத்தின் மேடைப் பேச்சாளராகத் தொடங்கி, 'ஓப்பெக்கெப்பே' என்ற நையாண்டிப் பாட்டால் நாடெங்கும் தெரிந்தவர் ஆனார். தலையில் பட்டை கட்டி, கையில் விசிறி பிடித்து அவர் வேகமாகச் சொல்லும் பாட்டு அது. மேனாட்டு உடை போட்டால் மட்டும் போதுமா, உள்ளே விடுதலை உணர்வு வேண்டாமா என்று கேட்கும். உரிமையும் இன்பமும் பிடிக்காதவர்களுக்கு விடுதலைக் கஷாயம் புகட்ட வேண்டும் என்று அதில் ஓர் இடம் வரும். கஷாயத்தைக் குறிக்கும் சொல்லும் கட்சியைக் குறிக்கும் சொல்லும் ஜப்பானிய மொழியில் ஒரே ஒலி என்பதால், அது அன்றைய லிபரல் கட்சியின் பெயராகவும் காதில் விழும்.

பழைய கபுகிக்கு எதிராக எழுந்த 'ஷின்பா' என்ற புது நாடக வகையின் முன்னோடிகளில் அவர் ஒருவர். அன்றன்றைய செய்தியையே மேடையேற்றினார். 1894இல் சீனாவோடு போர் மூண்டதும் போர்க்கள நாடகங்கள் போட்டார். கூட்டம் அலைமோதியது. 1896இல் தோக்கியோவில் சொந்தமாகக் 'கவகாமி-சா' அரங்கைக் கட்டினார். கடன் கழுத்தை நெரித்தது. தேர்தலில் நின்று தோற்றார், அரங்கையும் இழந்தார். அதன்பின் சதாவை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு படகில் கிளம்பி, மாதக்கணக்கில் கடலில் அலைந்து, 1899 தொடக்கத்தில் கோபேயில் கரை சேர்ந்தார். அமெரிக்காவில் ஜப்பானியத் தேநீர்ப் பூங்காக்கள் நடத்திவந்த குஷிபிகி யுமிந்தோ வெளிநாட்டுப் பயணத்துக்கு அழைப்பு விடுத்தது அந்த நேரத்தில்தான்.

சதா 1871இல் தோக்கியோவின் நிஹோன்பாஷியில் பிறந்து, சிறு வயதிலேயே யோஷிச்சோவில், ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாக்களின் விடுதி ஒன்றில் தத்தாகச் சேர்ந்தவர். பல்லாண்டு நடனப் பயிற்சி பெற்றவர். நான்கு முறை பிரதமராக இருந்த இத்தோ ஹிரோபூமி அவருடைய புரவலர். 'யாக்கோ' அவருடைய கெய்ஷாப் பெயர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழுவில் இருந்த ஆண்கள் எல்லாம் பழைய கலையை வேண்டாம் என்று விட்டு வந்தவர்கள். பழைய கலையை உடம்பில் வைத்திருந்த ஒரே ஆள், மேடைக்கென்று அழைத்து வரப்படாத சதா.

சான்பிரான்சிஸ்கோ முதல் பாஸ்டன் வரை

சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியதும், விளம்பரங்களில் சதாவின் படம் இருப்பதைக் கண்டார்கள் என்பது அவர்கள் பின்னாளில் சொன்ன கதை. நாடகம் என்றால் நடிகை வேண்டும், பெண் வேடத்தில் ஆணைப் பார்க்க இங்கே யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். சதா மேடையேறினார். சொந்தப் பெயரையும் கெய்ஷாப் பெயரையும் ஒட்டி 'சதாயாக்கோ' என்று ஒரு மேடைப் பெயர் உருவானது.

ஜப்பானில் 1629 முதல் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. கபுகியையே 1603 வாக்கில் கியோத்தோவில் தொடங்கியவர் ஓகுனி என்ற பெண். அவர் தொடங்கிய கலைக்குள் பெண்களுக்கு இடமில்லாமல் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் போயிற்று. தடை தளர்ந்த பிறகு ஒரு சிலர் நடித்தார்கள். கபுகி பயின்ற இச்சிகாவா குமெஹாச்சி அவர்களில் பெயர் பெற்றவர். ஆகவே சதாயாக்கோவை ஜப்பானின் முதல் நடிகை என்று பல இடங்களில் எழுதுவது சரியல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்து நடிப்பது இயல்பான ஒன்று என்ற நிலை மட்டும் அன்று இன்னும் வரவில்லை.

சான்பிரான்சிஸ்கோவிலேயே பண விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட ஆள் வசூலோடு மறைந்தார். குழு நடுத்தெருவில் நின்றது. கூட வந்த உறவுக்காரச் சிறுமி ட்சுருவுக்குச் சோறு போட வழியில்லாமல், அங்கே வாழ்ந்த ஆவோகி என்ற ஜப்பானிய ஓவியருக்குத் தத்துக் கொடுத்தார்கள். அந்தச் சிறுமிதான் பின்னாளில் அமெரிக்க ஊமைப் படங்களில் கதாநாயகியாக வந்த ட்சுரு ஆவோகி. 1914இல் நடிகர் செசூ ஹயகாவாவை மணந்தார். ஒரு பசி ஒரு குழந்தையை ஹாலிவுட் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அந்தப் பிரிவு நடந்த நாளில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

சியாட்டில், டகோமா, போர்ட்லாந்து என்று ஆடிக்கொண்டே போய் சிகாகோ சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. ஒரு பகல் காட்சிக்கு மட்டும் இடம் கிடைத்தது. கவசம் அணிந்து தெருத்தெருவாக ஊர்வலம் போய்ச் சீட்டு விற்றார்கள். மேடையில் சண்டைக் காட்சியில் கீழே விழுந்தவர்கள் பசி மயக்கத்தில் எழ முடியாமல் கிடந்தார்கள் என்றும், பார்த்தவர்கள் அதை நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள் என்றும் ஒட்டோஜிரோ சொல்லியிருக்கிறார். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் மனிதர் அவர். கைதட்டல் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கத் தேவையில்லை. பசி உண்மை.

பாஸ்டனில் நேர்ந்ததுதான் கொடுமை. பெண் வேடக்காரர்கள் இரண்டு பேர் அங்கே இறந்தார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் முகத்திலும் கழுத்திலும் பூசிய வெள்ளை அரிதாரத்தில் ஈயம் கலந்திருந்தது, அந்த நஞ்சுதான் அவர்களைக் கொன்றது என்பார்கள். ஜப்பானில் இது தெரியாத ஆபத்து அல்ல. 1887இல் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் நடந்த கபுகிக் காட்சியிலேயே நான்காம் நகமுரா ஃபுகுசுகேவின் கால் நிற்காமல் நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். காரணம் ஈயம் என்று தெரிந்தது. ஈயமில்லாத அரிதாரம் கடைக்குப் பரவலாக வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஒட்டோஜிரோவுக்கும் பாஸ்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த இரண்டு மரணங்களுக்குப் பிறகு மேடையின் முழுப் பாரமும் சதாயாக்கோவின் மேல் விழுந்தது.

இவ்வளவுக்கு நடுவிலும் அவர்கள் கற்றுக்கொள்வதை நிறுத்தவில்லை. ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங்கும் எல்லன் டெர்ரியும் அப்போது பாஸ்டனில் 'வெனிஸ் வணிகன்' ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, விசாரணைக் காட்சியைத் தங்கள் பாணியில் போட்டார்கள். ஷைலாக் 'சைரோக்கு' ஆனான். ஒட்டோஜிரோ சைரோக்கு, சதாயாக்கோ போர்ஷியா. பிறகு வாஷிங்டன், நியூயார்க், லண்டன். 1900 ஜூலையில் பாரிஸ்.

கத்தரித்ததும் கோத்ததும்

'கெய்ஷாவும் சாமுராயும்' என்பது அவர்களுடைய தலைமை நாடகம். இப்படி ஒரு நாடகம் ஜப்பானில் கிடையாது. கபுகியின் இரண்டு தனித்தனி உருப்படிகளை வெட்டி ஒட்டியது அது. முதல் பாதி 'சயாஆத்தே': தோக்கியோவின் யோஷிவாரா தெருவில், கட்சுராகி என்ற அழகிக்காக இரண்டு வீரர்கள் வாளுறை உரசி மோதிக்கொள்ளும் காட்சி. இரண்டாம் பாதி 1753இல் முதன்முதலாக ஆடப்பட்ட 'முசுமே தோஜோஜி' நடனம். மூலத்தில், கோயில் மணியைத் தேடி வரும் பெண் துறவிகள் முன் ஆடுகிறாள். காதலனை மணிக்குள்ளேயே எரித்த பாம்பின் ஆவி அவள் என்பது கடைசியில் தெரிகிறது. ஒட்டோஜிரோவின் வடிவில் பாம்பும் இல்லை, மணியின் பழங்கதையும் இல்லை. காதலனும் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் கோயிலுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். கட்சுராகி உள்ளே போகத் துறவிகளை ஆட்டத்தால் மயக்குகிறாள். சீற்றம் தலைக்கேற, காதலன் கையிலேயே உயிர் விடுகிறாள்.

தர்க்கத்தோடு பார்த்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் தெரியும். பார்ப்பவர்களுக்கு மொழி தெரியாது, ஆகவே வசனம் போயிற்று. பழங்கதை தெரியாது, ஆகவே பாம்பு போயிற்று. குழுவில் ஆண்கள் சண்டைக் காட்சிகளில் தேர்ந்தவர்கள், ஆகவே சண்டை நீண்டது. சதாயாக்கோவுக்கு நடனம் தெரியும், ஆகவே நடனம் நடுவே வந்தது. தையல் நூலை இழுத்ததும் மேலுடை நொடியில் கழன்று அடியிலிருந்து வேறு நிற உடை தோன்றும் கபுகி உத்தி தோஜோஜியிலேயே உண்டு. அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கடைசியில் மரணம். சதாயாக்கோவின் முகம் உயிர் போகப்போக வெளுத்துச் சாகும் விதத்தைப் பார்த்துத்தான் பாரிஸ் விமர்சகர்கள் அவரை பிரெஞ்சு நடிகை சாரா பெர்னாருக்கு ஒப்பிட்டார்கள்.

கூத்துக் கலைஞர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஊர் மாறினால் ஆட்டத்தின் அளவு மாறும், பாட்டைக் குறைப்பார்கள், கட்டியங்காரன் பேச்சு மாறும். பார்வையாளரை நோக்கி வளைவது மேடைக் கலையின் பிழைப்பு. கவகாமி குழு அந்த எல்லையைத் தாண்டிப் போனது எங்கே என்பதுதான் கேள்வி. அது பாரிஸில் நடந்தது.

பாரிஸ், 1900

பட்டுத் துணியும் மின்விளக்கும் கொண்டு ஆடிய அமெரிக்க நடனக்காரி லோயி ஃபுல்லர், கண்காட்சித் திடலில் தன் பெயரில் ஒரு சின்ன அரங்கு வைத்திருந்தார். கவகாமி குழுவை அவர்தான் அங்கே ஏற்றினார். ஒரு நிபந்தனை வைத்தார்: ஹாராகிரி வேண்டும். வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் ஜப்பானியரைப் பார்க்கப் பாரிஸ் துடிக்கிறது என்பது அவர் கணக்கு.

'கெசா' நாடகம் இதற்குப் பலியானது. மொரித்தோ என்ற வீரன் பிறன் மனைவி கெசாவை விரும்புகிறான். கணவனைக் கொல்ல அவனிடம் ஒப்புக்கொண்டவள் போல் காட்டிவிட்டு, இருட்டில் கணவன் படுக்கையில் தானே படுத்துக்கொள்கிறாள். அவன் வெட்டிய தலை அவளுடையது. ஜப்பானியர் அறிந்த கதையில் மொரித்தோ அந்தக் குற்றத்தின் கனத்தால் தலைமுடி களைந்து மொங்காகு என்ற துறவி ஆகிறான். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது: கொன்றவன் செத்துத் தப்பிக்காமல், அந்தப் பாவத்தோடு வாழ்நாள் முழுக்க வாழ்கிறான். பாரிஸ் மேடையில் மொரித்தோ வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தான். கூட்டம் பெருகியது. காட்சிகள் பெருகின.

கட்சுராகியின் பாம்பை எடுத்ததை என்னால் ஏற்க முடிகிறது. மொரித்தோவின் துறவை எடுத்ததை ஏற்க முடியவில்லை. முன்னதில் ஒரு பழங்கதையின் புறத்தோற்றம் போயிற்று, பெண்ணின் சீற்றம் அப்படியே இருந்தது. பின்னதில் அந்த மனிதன் யார் என்பதே மாறிவிட்டது. ஜப்பானியன் என்றால் சாகத் தெரிந்தவன் என்ற ஒற்றைப் படம் மிஞ்சியது.

அதே திடலில் ஜப்பான் அரசும் தன் நாட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. பாரிஸில் கலைப்பொருள் வணிகம் செய்துவந்த ஹயாஷி ததாமசா அதன் தலைமை ஆணையர். ஹோர்யூ-ஜி கோயிலின் பொன் மண்டபத்தைப் போல ஒரு கூடம் எழுப்பி, பழங்காலச் சிலைகளையும் ஓவியங்களையும் உள்ளே வைத்தார்கள். ஜப்பானியக் கலையின் அரசுமுறை வரலாற்று நூலும் அந்த ஆண்டுதான் வந்தது, முதலில் பிரெஞ்சில். ஜப்பானியப் பதிப்பு அடுத்த ஆண்டு. தன் கலைக்கு வரலாறு எழுதும்போது அரசும் வெளியார் கண்ணைத்தான் முதலில் நினைத்தது. ஒட்டோஜிரோவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் இந்த நூலைப் பற்றிப் பேசுவதில்லை.

ஃபுல்லர் இந்தச் சூத்திரத்தை அதோடு விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஓதா ஹிசா என்ற நடனக்காரியைக் கண்டு, 'ஹனாக்கோ' என்று பெயர் சூட்டி, அவரையும் மேடையில் ஹாராகிரி செய்ய வைத்தார். சாமுராய்க் குலப் பெண்களின் வழக்கம் அதுவல்ல, அவர்கள் கழுத்து நரம்பை அறுத்துக்கொள்வார்கள். ஐரோப்பிய மேடைக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாக இல்லை. ஆனால் 1906இல் மார்செய்யில் ஹனாக்கோவின் சாவுக் காட்சியைப் பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரோதான், அந்த முகத்தை விட முடியாமல் ஐம்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள் வடித்தார். தவறான சடங்கிலிருந்து உண்மையான ஒரு முகத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார். இந்த வழக்கில் எதையும் ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாமல் என்னைத் தடுப்பவை இப்படிப்பட்ட செய்திகள்தான்.

அதுபோலவே இசடோரா டங்கன், ரூத் செயின்ட் டெனிஸ் இருவரும் பாரிஸில் சதாயாக்கோவைப் பார்த்ததைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். மேனாட்டு நவீன நடனத்தின் முதல் தலைமுறை அவர்கள். வெட்டி ஒட்டிய நாடகத்துக்குள்ளும் வெட்டுப்படாமல் இருந்த ஒன்றைத்தான் அவர்கள் கண்டார்கள்: யோஷிச்சோவில் சிறுமியாக இருந்த நாள் முதல் பழகிய அடவும் நிற்கும் நிலையும். ஒட்டோஜிரோ கதையை மாற்றலாம், ஃபுல்லர் முடிவை மாற்றலாம், அந்த முதுகெலும்பை யாரும் மாற்ற முடியவில்லை.

ஊரில் எழுந்த கோபம்

செய்தி ஜப்பானுக்கு எட்டியதும் நாடகத்துறையினர் கொதித்தார்கள். பெரும் கபுகி நடிகர் ஒன்பதாம் டன்ஜூரோ உயிரோடு இருந்த காலம் அது. கபுகியின் பெரிய குடும்பங்களில் ஒருவர்கூட வெளிநாட்டில் ஆடியிராதபோது, கபுகி தெரியாத ஓர் அரசியல் பாட்டுக்காரரும் ஒரு கெய்ஷாவும் ஜப்பானிய நாடகம் இதுதான் என்று உலகத்துக்குக் காட்டுவதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. தெரிந்தவர்கள் போகாத இடத்துக்குத் தெரியாதவர்கள் போனார்கள் என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தேர்ந்த கபுகிக் குழு முதன்முதலாகக் கடல் கடந்தது 1928இல்தான். இரண்டாம் இச்சிகாவா சதான்ஜி மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் ஆடினார். சோவியத் திரைப்பட இயக்குநர் ஐசென்ஸ்டைன் பார்த்துவிட்டுத் தன் திரைப்படக் கோட்பாட்டுக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்குள் ஐரோப்பா ஜப்பானிய மேடையைப் பற்றி இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு படத்தை மனதில் வைத்திருந்தது.

1901இல் திரும்பி வந்த குழு, அதே ஆண்டு மீண்டும் கிளம்பி 1902 வரை ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா, இத்தாலி என்று சுற்றியது. மிலானில் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் புச்சினி அவர்களைப் பார்த்தார். 'மதாம் பட்டர்ஃபிளை' அப்போது அவர் மேசையில் இருந்தது. 1904இல் லா ஸ்காலாவில் அது அரங்கேறியபோது அதன் நாயகியும் ஒரு கெய்ஷா, அவளும் கத்தியால்தான் சாகிறாள்.

கப்பலில் திரும்பி வந்தது

வெளிநாட்டில் கவகாமி குழு பழைய ஜப்பானை விற்றது. திரும்பி வரும்போது புதிய மேடையைக் கொண்டுவந்தது. 1903இல் மெய்ஜி-சா அரங்கில் 'ஒத்தெல்லோ'வைத் தைவானைக் களமாக வைத்துப் போட்டார்கள். அதில்தான் சதாயாக்கோ சொந்த நாட்டில் நடிகையாக முதன்முதல் மேடையேறினார். 'ஹாம்லெட்' வந்தது. குழந்தைகளுக்கென்றே நாடகங்கள் வந்தன. விடிந்ததும் தொடங்கிப் பொழுது சாயும்வரை, சாப்பாடும் பேச்சுமாக நடந்த காட்சியைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கவும், தேநீர் விடுதி வழியாகவே இடம் வாங்க வேண்டும் என்ற முறையை ஒழிக்கவும் ஒட்டோஜிரோ முயன்றார்.

1908இல் சதாயாக்கோ நடிகையருக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கினார். முதல் மாணவியரில் ஒருவரான மோரி ரித்சுகோ நாடாளுமன்ற உறுப்பினரின் மகள். நடிகை ஆகப்போகிறாள் என்பதற்காக, அவர் படித்த பள்ளி பழைய மாணவியர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. சதாயாக்கோவின் பயிற்சிப் பள்ளி நிற்கவில்லை. 1911இல் திறந்த தோக்கியோ பேரரசு அரங்கத்தின் முதல் நடிகைகள் அங்கிருந்துதான் வந்தார்கள். இந்தப் பயணத்தின் விளைவு என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் பிக்காசோவின் ஓவியத்தைச் சொல்ல மாட்டேன், இந்தப் பள்ளியைத்தான் சொல்வேன். சான்பிரான்சிஸ்கோ விளம்பரத்தில் யாரோ அச்சிட்ட ஒரு படத்திலிருந்து தொடங்கியது இது.

ஒட்டோஜிரோ 1911இல் ஒசாகாவில் இறந்தார். சதாயாக்கோ அதன்பின் சில ஆண்டுகளே மேடையில் இருந்தார். ஓய்வுபெற்று நகோயாவில் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். 1946 டிசம்பரில் காலமானார்.

அவர்கள் ஆடியதைப் படமாகப் பார்க்க வழியில்லை. ஆனால் 1900இல் பாரிஸில் இருந்தபோது கிராமபோன் நிறுவனத்தார் குழுவினரின் குரல்களைத் தட்டுகளில் பதிந்தார்கள். ஜப்பானியக் குரல்களின் மிகப் பழைய இசைத்தட்டுகள் அவை. பல்லாண்டு காப்பகத்தில் கிடந்து 1997இல் மறுபடி வெளிவந்தன. அவற்றில் ஓப்பெக்கெப்பே இருக்கிறது. பாரிஸ் கேட்காத பாட்டு, அங்கே ஒருவருக்கும் விளங்கியிருக்க முடியாத பாட்டு. விடுதலைக் கஷாயம் குடிக்கச் சொல்லி, கரகரப்புக்கு நடுவே, அந்த நடிகர்கள் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.